‘இன்னா’ என்று கேட்கும் குழந்தைக்கு மொழி எப்படி வருகிறது?

இரண்டரை வயதாகியும் குழந்தை சரியாகப் பேசவில்லை என்று ராயபுரத்திலோ கொருக்குப்பேட்டையிலோ ஒரு தாய் வாய்விட்டுச் சொன்னால், அன்று மாலைக்குள் அவருக்கு மூன்று அறிவுரைகள் வந்து சேர்ந்துவிடும். நர்சரிப் பள்ளியில், “வீட்டில் இங்கிலீஷிலேயே பேசுங்கள், இரண்டு மூன்று மொழி பேசிக் குழந்தையைக் குழப்பாதீர்கள்” என்பார்கள். வீட்டுப் பெரியவர்கள், “ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், அவங்க அப்பனும் அப்படித்தான்” என்பார்கள். வாட்ஸ்அப்பில் வரும் காணொலி, இது செல்போன் பார்த்ததால் வந்த ‘விர்ச்சுவல் ஆட்டிசம்’ என்று அச்சுறுத்தும். ஒன்று மொழியை மாற்றச் சொல்கிறது. ஒன்று காத்திருக்கச் சொல்கிறது. மூன்றாவது தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. இவற்றை எடைபோட வேண்டுமானால், குழந்தைக்கு மொழி எந்த வழியில் வருகிறது என்பதை அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

முதலில் மூன்று சொற்கள்

பேச்சு, மொழி, தொடர்பு ஆகிய மூன்றையும் நாம் ஒரே பொருளில் பயன்படுத்திவிடுகிறோம். குழந்தை வளர்ச்சி உளவியலில் இவை வெவ்வேறு.

1. தொடர்பு என்பது தன் மனத்தில் இருப்பதைப் பிறருக்குத் தெரிவிப்பதும் பிறர் தெரிவிப்பதை வாங்கிக்கொள்வதும். பத்து மாதக் குழந்தை தூக்கச் சொல்லிக் கையை உயர்த்துவதும், விளக்கைச் சுட்டிக்காட்டிவிட்டுப் பாட்டியின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பதும் தொடர்புதான்.

2. மொழி என்பது சொற்களும் அவற்றை இணைக்கும் விதிகளும் சேர்ந்த அமைப்பு. இதில் புரிந்துகொள்ளும் பகுதி ஏற்பு மொழி; சொல்லும் பகுதி வெளிப்பாட்டு மொழி. ஏற்பு எப்போதும் முன்னே ஓடும். “அப்பா செருப்பு எங்க?” என்றால் வாசலைப் பார்க்கும் குழந்தை, ‘செருப்பு’ என்று சொல்லப் பல மாதங்கள் ஆகலாம்.

3. பேச்சு என்பது நாக்கு, உதடு, தொண்டை, மூச்சு ஆகியவற்றால் மொழியை ஒலியாக்குவது. ர, ழ போன்ற ஒலிகள் நிலைபெற நான்கு, ஐந்து வயதைத் தாண்டக்கூடும். அது பேச்சு சார்ந்தது, மொழி சார்ந்ததன்று.

இந்தப் பாகுபாடு ஏட்டுச் சுரைக்காய் இல்லை. எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, சைகையில் கேட்டு வாங்கி, சொல் மட்டும் குறைவாகச் சொல்லும் இரண்டு வயதுக் குழந்தையும், பெயரைச் சொல்லி அழைத்தாலும் திரும்பாத இரண்டு வயதுக் குழந்தையும் வெளிப்பார்வைக்கு ‘பேசாத குழந்தைகள்’. ஆனால் அவர்களுக்குத் தேவைப்படும் கவனம் முற்றிலும் வேறு. ‘பேசவில்லை’ என்ற ஒற்றைச் சொல் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

கேட்பது கருவிலேயே தொடங்குகிறது

கருவின் செவி ஏறத்தாழ ஆறு, ஏழு மாதங்களில் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. 1980ஆம் ஆண்டு டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், பிறந்து சில நாள்களே ஆன சிசுக்களின் வாயில் ரப்பர் சூப்பானைக் கொடுத்து, அவை சப்பும் தாளத்தை மாற்றினால் தாயின் குரலோ வேறொரு பெண்ணின் குரலோ ஒலிக்கும்படி செய்தார்கள். தாயின் குரல் வரும் விதமாகச் சிசுக்கள் சப்பும் தாளத்தை மாற்றிக்கொண்டன.

அடுத்த ஆய்வு தமிழ் வாசகருக்கு இன்னும் நெருக்கமானது. ‘பட்டு’, ‘பத்து’ இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நமக்குச் சிறு பிள்ளைக்கும் தெரிந்த ஒன்று. ஆங்கிலம் மட்டும் அறிந்த பெரியவர்கள் பலருக்கு அது காதில் விழாது. 1984இல் கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும், இந்தியிலுள்ள இதே ட, த வேறுபாட்டை ஆங்கிலச் சூழலில் வளரும் குழந்தைகளிடம் சோதித்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் வேறுபாட்டைக் கண்டுகொண்டார்கள். பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளிடம் அந்தத் திறன் பெரும்பாலும் மங்கியிருந்தது. இந்தி கேட்டு வளரும் குழந்தைகளிடம் அது அப்படியே நின்றது. அதாவது எல்லா மொழிக்கும் திறந்த காதோடு பிறக்கும் குழந்தை, முதல் பிறந்தநாளுக்குள் தன்னைச் சுற்றியுள்ள மொழிக்குக் காதைத் தீட்டிக்கொள்கிறது. வாய் திறந்து முதல் சொல் வருமுன்பே இவ்வளவு வேலை நடந்து முடிந்துவிடுகிறது என்பதால்தான், செவித்திறன் பற்றிய சந்தேகத்தை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

பேச்சில் சொற்களுக்கிடையே எழுத்தில் இருப்பதுபோல் இடைவெளி கிடையாது. “அங்கபாருகாக்காபறக்குது” என்ற ஒரே நீரோட்டத்தில் ‘காக்கா’ எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குழந்தை எப்படி அறியும்? எந்த அசைக்குப் பின் எந்த அசை அடிக்கடி வருகிறது என்று அது தன்னை அறியாமலே கணக்கு வைக்கிறது. எட்டு மாதக் குழந்தைகள், பொருளற்ற அசைகளின் தொடரை இரண்டே நிமிடம் கேட்டு, சேர்ந்து வரும் அசைக்கூட்டங்களை அடையாளம் கண்டதை 1996இல் ஜெனி சாஃப்ரானும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள்.

சொல்லிலிருந்து விதிக்கு

பொதுவான வரிசை இது: இரண்டு மாதம் வாக்கில் ‘ஊ’, ‘ஆ’ என்ற குழைவொலிகள், ஆறேழு மாதத்தில் ‘பபபப’, ‘தாதா’ போன்ற மழலை அடுக்குகள், ஒரு வயதை ஒட்டி முதல் சொல், ஒன்றரை வயதுக்குப் பின் சொற்கள் வேகமாகப் பெருகுதல், இரண்டு வயதுக்குள் “அம்மா வா”, “பால் வேணும்” போன்ற இரு சொல் தொடர்கள். குழந்தைக்குக் குழந்தை சில மாதங்கள் முன்பின் ஆவது இயல்பு.

குழந்தை வெறுமனே திருப்பிச் சொல்கிறதா, விதியைக் கண்டுபிடிக்கிறதா? 1957இல் அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர், மொழியும் பிற பழக்கங்களைப் போலப் பாராட்டாலும் பலனாலும் பதிவதே என்று எழுதினார். 1959இல் மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி அதைக் கடுமையாக மறுத்தார். கேட்டிராத வாக்கியங்களைக் குழந்தை புதிதாக ஆக்குகிறது என்பதால், மனித மூளையில் மொழிக்கென்றே பிறவி ஆயத்தம் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். அந்த ஆயத்தம் எவ்வளவு, எத்தன்மையது என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் குழந்தை விதியைப் பிடிக்கிறது என்பதில் ஐயமில்லை. 1958இல் ஜீன் பெர்க்கோ, இல்லாத ஒரு பிராணிக்கு ‘வக்’ என்று பெயரிட்டுப் படம் காட்டினார். இரண்டு பிராணிகளைக் காட்டியபோது, அதற்குமுன் கேட்டேயிராத அச்சொல்லுக்குக் குழந்தைகள் தாமாகவே ஆங்கிலப் பன்மை ஒலியைச் சேர்த்தார்கள்.

நம் வீடுகளில் இந்தச் சோதனை தினமும் நடக்கிறது. கடையில் நேற்று வாங்கிய பொம்மைக்கு இன்று காலை ஏதோ ஒரு பெயர் சூட்டப்படுகிறது. மதியத்துக்குள் குழந்தை அந்தப் பெயரோடு ‘-க்கு’, ‘-கிட்ட’, ‘-ஓட’, ‘-ல’ என்ற உருபுகளை ஒட்டிப் பேசிவிடும். அந்தப் பெயரை அவ்வுருபுகளோடு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். தமிழ் ஒட்டுநிலை மொழி; ஒவ்வோர் உருபும் பெரும்பாலும் ஒரே பொருளைத் தாங்கிச் சொல்லின் கடைசியில் காதில் விழும்படி நிற்கிறது. இதே வகை மொழியான துருக்கியைப் பேசும் குழந்தைகள் இரண்டு வயதுக்குள் வேற்றுமை உருபுகளைப் பிழையின்றிக் கையாள்வது நன்கு பதிவான செய்தி. ஆகவே ஆங்கிலக் குழந்தைகளுக்கு வகுத்த இலக்கணப் படிநிலைகளை அப்படியே தமிழ்க் குழந்தையின் மேல் வைத்து அளப்பது பொருந்தாது.

எதிர்ப்பேச்சு என்னும் உரம்

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் மனத்தில் நிறுத்துவதானால் இந்தப் பகுதியை நிறுத்தலாம். குழந்தையின் மொழியை வளர்ப்பது காதில் விழும் சொற்களின் எண்ணிக்கை மட்டுமன்று; குழந்தை ஒன்று செய்ய, பெரியவர் அதற்குப் பதில் சொல்ல, குழந்தை மறுபடி தொடர என்று மாறி மாறி நடக்கும் எதிர்ப்பேச்சு. உள்ளங்கையில் பருப்பு கடைந்து, ஒவ்வொரு விரலாக மடக்கி, அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டை நம் ஆயாக்கள் விளையாடும்போது நடப்பது அதுவே. முறை வைத்துப் பேசுவது, அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்ப்பது, ஒரே பொருளை இருவரும் சேர்ந்து பார்ப்பது ஆகிய மூன்றையும் அந்த விளையாட்டு பழக்குகிறது. கடைசியாகச் சொன்னதை உளவியலில் கூட்டுக் கவனம் என்பார்கள். குழந்தை காக்கையைப் பார்க்கும் அதே நொடியில் “காக்கா” என்று சொன்னால் சொல் ஒட்டிக்கொள்ளும். அது வேறெங்கோ பார்க்கும்போது சொன்னால் ஒட்டுவது கடினம். ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1930களிலேயே வலியுறுத்தியதும் இதன் சாரமே: குழந்தை தனியே செய்ய இயலாததைப் பெரியவரோடு சேர்ந்து முதலில் செய்கிறது, பிறகு அது தன்னுடையதாகிறது.

இதற்கு வலுவான சான்று 2003இல் பட்ரீசியா கூல் குழுவினர் செய்த ஆய்வு. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழியினர் 12 அமர்வுகள் நேரில் விளையாடிப் பேசினார்கள். அக்குழந்தைகள் சீன ஒலி வேறுபாடுகளைக் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள் பேசியதைத் திரையில் பார்த்த குழந்தைகளோ, ஒலிப்பதிவாகக் கேட்ட குழந்தைகளோ எதையும் கற்கவில்லை.

வறுமையையும் மொழியையும் இணைத்து அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ‘மூன்று கோடிச் சொல் இடைவெளி’ பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். 1995இல் அமெரிக்காவின் ஹார்ட், ரிஸ்லி இருவரும் 42 குடும்பங்களைக் கவனித்து, வசதியுள்ள வீட்டுக் குழந்தை பள்ளி வயதுக்குள் ஏழை வீட்டுக் குழந்தையைவிட மூன்று கோடிச் சொற்கள் அதிகம் கேட்கிறது என்று மதிப்பிட்டார்கள். அரசு உதவி பெற்ற ஏழைக் குடும்பங்கள் அதில் ஆறு மட்டுமே. 2018இல் வந்த மறு ஆய்வு, தாயின் பேச்சோடு வீட்டிலுள்ள மற்றவர்களின் பேச்சையும் சேர்த்துக் கணக்கிட்டபோது அந்த இடைவெளி அப்படியே நிற்கவில்லை என்று காட்டியது. காசிமேட்டில் பெற்றோர் விடியுமுன் மீன் ஏலத்துக்குச் சென்றுவிட, ஆயா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று நான்கு கைகளில் வளரும் குழந்தையை, தாயின் சொற்களை மட்டும் எண்ணி ‘மொழி வறுமை’ என்று முத்திரை குத்துவது அநீதி. அதே சமயம், சுற்றிலும் பேச்சு இரைச்சலாக இருந்தால் போதும் என்றும் ஆகாது. 2018இல் ரேச்சல் ரோமியோ குழுவினர் நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளிடம் செய்த மூளைப் படிம ஆய்வில், மூளையின் மொழிப் பகுதியின் இயக்கத்தோடு தொடர்புடையதாகத் தெரிந்தது குடும்ப வருமானமும் கேட்ட சொல் எண்ணிக்கையும் அன்று, மாறி மாறிப் பேசிய முறைகளின் எண்ணிக்கை.

செல்போன்: எது உண்மை, எது அச்சம்

1. ‘விர்ச்சுவல் ஆட்டிசம்’ என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட நோய்ப் பெயர் அன்று. நோய் வகைப்பாட்டு ஏடுகள் எதிலும் அது இல்லை. ஆட்டிசம் மூளை வளர்ச்சி சார்ந்தது. அதில் மரபணுக்களின் பங்கு பெரிது. தாய் போன் கொடுத்ததால் அது வந்தது என்று எந்தத் தாயையும் குற்றஞ்சாட்ட முடியாது.

2. ஆனால் திரை எதிர்ப்பேச்சின் நேரத்தைத் தின்கிறது. ஊட்டும்போது ஓடும் பாட்டுக் காணொலி, குழந்தை கேட்டதற்குப் பதில் சொல்லாது. அது சுட்டிய இடத்தைப் பார்க்காது. உலக சுகாதார அமைப்பு 2019இல், இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்றும் அறிவுறுத்தியது.

3. பெரியவர் கையிலுள்ள போனும் கணக்கில் சேரும். 1970களில் எட்வர்ட் ட்ரோனிக், சில மாதக் குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாயைத் திடீரென்று முகத்தைச் சலனமின்றி வைத்துக்கொள்ளச் சொன்னார். குழந்தை சிரித்தது, கை நீட்டியது, குரல் எழுப்பியது. பயனில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. போனில் ஆழ்ந்த முகம் குழந்தைக்கு எப்படித் தெரியும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

4. வெளியூரில் வேலை செய்யும் அப்பாவோடு வீடியோ காலில் பேசுவது இந்தத் தடையில் சேராது. அங்கே எதிர்ப்பேச்சு இருக்கிறது.

வீட்டு மொழி, தெரு மொழி, பள்ளி மொழி

வட சென்னையில் ஒரே மொழியோடு வளரும் குழந்தைகள் எவ்வளவு பேர்? வீட்டில் தெலுங்கு அல்லது உருது, தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்பது இங்கே பல தலைமுறையாக நடப்பது. ஏழுகிணறு, சௌகார்பேட்டைப் பக்கம் குஜராத்தியும் மார்வாரியும் சேரும். பல மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வரும் என்பதற்கு ஆய்வுச் சான்று இல்லை. ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியே எண்ணினால் சொற்கள் சற்றுக் குறைவாகத் தோன்றலாம். ஆகவே இரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும். தமிழில் 30 சொல்லும் தெலுங்கில் 25 சொல்லும் உள்ள குழந்தையிடம் 55 சொற்கள் இருக்கின்றன. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலப்பதும் குழப்பத்தின் அடையாளமன்று. சுற்றியுள்ள பெரியவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

“வீட்டில் இங்கிலீஷில் பேசுங்கள்” என்ற அறிவுரை இழைக்கும் தீங்கு இங்கேதான் தெரிகிறது. ஆங்கிலத்தில் சரளம் இல்லாத தாய் அந்த அறிவுரையை உண்மையாகப் பின்பற்றினால், அவர் பேச்சு ‘கம்’, ‘சிட்’, ‘ஈட்’, ‘நோ’ என்ற ஏவல்களாகச் சுருங்கிவிடும். மீன் கழுவிக்கொண்டே, “இந்த வஞ்சிரத்துக்குப் பல்லு பாத்தியா, கடிச்சிருமா, உன்னக் கடிக்குமா?” என்று அவர் தன் மொழியில் விரித்திருக்கக்கூடிய உரையாடல் நின்றுபோகும். குழந்தைக்கு ஆங்கிலமும் வராது, கதை சொல்லும் திறனும் வளராது. பெற்றோருக்கு எந்த மொழி முழுமையாக வருமோ அதுவே வீட்டுக்குரிய மொழி. அதில் கட்டிய சொல்வளமும் காரணம் கூறும் பழக்கமும் பின்னர் பள்ளி மொழிக்கு அடித்தளமாகும்.

சென்னைத் தமிழைப் பற்றிய இழிவுணர்வும் இதே அளவு தீங்கானது. ‘இன்னா’, ‘கீது’, ‘வந்துகினு’ என்று பேசும் குழந்தையை ‘மொழி சரியில்லாத பிள்ளை’ என்று எண்ணுவோர் உண்டு. மொழியியல் நோக்கில் அந்தப் பேச்சு முழு இலக்கணம் உடையது. எழுத்துத் தமிழில் ‘-கொண்டு’ வரும் இடத்தில் ‘-கினு’ ஒழுங்காக வருகிறது. ‘வாழைப்பழம்’ ‘வாயப்பயம்’ ஆவதும் ழகரம் யகரமாகும் ஒழுங்கான மாற்றமே. நான்கு வயதுக் குழந்தை ‘பயம்’ என்று பழத்தைச் சொன்னால், வீட்டில் எல்லோரும் அப்படியே சொல்வார்களா என்று முதலில் கேட்க வேண்டும். சொல்வார்கள் என்றால் அது வட்டார வழக்கு; உச்சரிப்புக் குறைபாடு ஆகாது.

1960களில் அமெரிக்க நகரங்களின் கறுப்பினச் சிறுவர்கள் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வதை வைத்து, அவர்களுக்கு மொழியே இல்லை என்று சில கல்வி உளவியலாளர்கள் முடிவு கட்டினார்கள். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளரின் குழு, அப்படிப்பட்ட சிறுவனுக்குத் துணையாக அவன் நண்பனை அழைத்து, உருளைக்கிழங்கு சிப்ஸ் கொடுத்து, கேள்வி கேட்பவரும் தரையில் உட்கார்ந்தபோது, அவன் போட்டி போட்டுக்கொண்டு பேசினான். சேர்க்கை நாளில் நாற்காலியில் அமர்த்தி, புதியவர் ஒருவர் ஆங்கிலத்தில் கேட்கும் கேள்விக்கு வாய் திறக்காத மூன்று வயதுப் பிள்ளையைப் பற்றி எதையும் முடிவு செய்ய இயலாது.

எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள தூரத்தை எல்லாத் தமிழ்க் குழந்தைகளும் பள்ளியில் கடந்தாக வேண்டும். ‘இருக்கிறது’ என்று எந்த வீட்டிலும் பேசுவதில்லை. அந்தத் தூரத்துக்குப் பாலம், படப் புத்தகத்தை மடியில் வைத்துப் படித்துக்காட்டி, அதையே வீட்டுப் பேச்சில் பேசுவது.

காத்திருப்பது எதுவரை?

பெண் குழந்தைகள் சராசரியாகச் சற்று முன்னதாகப் பேசுவது உண்மை. ஆனால் அந்த வித்தியாசம் சிறியது. ஓராண்டுத் தாமதத்துக்கு ‘ஆம்பளப் பிள்ளை’ என்பது விளக்கமாகாது. தாமதமாகப் பேசும் இரண்டு வயதுக் குழந்தைகளில் பலர் தாமே எட்டிப்பிடிப்பதும் உண்மை. எந்தக் குழந்தை எட்டிப்பிடிக்கும் என்பதை முன்கூட்டி அறிய இயலாது என்பதால், கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

1. ஒரு வயதில் மழலை அடுக்குகளோ, சுட்டிக்காட்டுதல், டாட்டா காட்டுதல் போன்ற சைகைகளோ இல்லாமை.
2. 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லாமை.
3. இரண்டு வயதில் தானாக இரு சொல் சேர்த்துச் சொல்லாமை. கேட்டதைத் திருப்பிச் சொல்வது இதில் சேராது.
4. பெயர் சொல்லி அழைத்தால் பெரும்பாலும் திரும்பாமை.
5. எந்த வயதிலானாலும், வந்த சொற்கள் மறைந்துபோதல். இதற்கு மறுநாளே போக வேண்டும்.

முதல் சோதனை செவித்திறனுக்கு. ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று பேர் குறிப்பிடத்தக்க செவிக் குறைபாட்டோடு பிறக்கிறார்கள். கதவு சாத்தினால் திரும்புகிறதே என்பது போதுமான சான்றன்று. கனத்த, தாழ்ந்த சுருதி ஒலி கேட்டு, ச, த போன்ற மெல்லிய ஒலிகள் கேளாமல் இருக்கலாம். ஒலிக்குச் செவி நரம்பும் மூளையும் காட்டும் எதிர்வினையை அளக்கும், மருத்துவமனைகளில் ‘பெரா டெஸ்ட்’ என்று சொல்லப்படும் சோதனையைத் தூங்கும் சிசுவுக்குக்கூடச் செய்ய முடியும். ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் இலக்கு. அடிக்கடி காதில் சீழ் வடியும் குழந்தைக்கும் கேட்பு மங்கும். எண்ணெய் காய்ச்சி ஊற்றாமல் காது மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாக்கில் வசம்பு தேய்ப்பதால் பேச்சு வராது; ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் தடவுவது ஆபத்தும்கூட. நாக்கின் அடிச்சவ்வு இறுக்கமாக இருப்பதும் சில உச்சரிப்புகளைப் பாதிக்கலாமே தவிர, சொல்லே வராமைக்குப் பொதுவாகக் காரணம் ஆவதில்லை.

வட சென்னைவாசிகளுக்கு அரசு ஸ்டான்லி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவும் குழந்தைகள் பிரிவும் அருகிலேயே உள்ளன. ‘பால்வாடி’ என்று நாம் அழைக்கும் அங்கன்வாடிகளுக்கு வரும் மருத்துவக் குழுக்கள், 2013இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் கீழ் வளர்ச்சித் தாமதங்களைக் கண்டறிந்து தொடக்கநிலை இடையீட்டு மையங்களுக்கு அனுப்புகின்றன. செவி நரம்பைத் தூண்டும் கருவியைப் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ளது.

போகும்போது இரண்டைக் கையோடு கொண்டுசென்றால் மருத்துவரின் வேலை பாதி எளிதாகும். ஒன்று, வீட்டில் குழந்தை தன் போக்கில் விளையாடுவதை போனில் எடுத்த ஐந்து நிமிடக் காணொலி. புதிய இடத்தில் பல குழந்தைகள் வாயே திறப்பதில்லை. இரண்டு, குழந்தை சொல்லும் சொற்களின் பட்டியல். தமிழ், தெலுங்கு, உருது, ஆங்கிலம் எதுவானாலும் எழுதலாம். சோற்றுக்கு ‘மம்மு’, தூக்கத்துக்கு ‘தாச்சி’ என்பவையும் சொற்களே. 56சி பஸ்ஸைக் காணும்போதெல்லாம் ‘பா’ என்று மட்டும் சொன்னாலும், ஒவ்வொரு முறையும் பஸ்ஸுக்கே அதைச் சொல்கிறது என்றால், அதையும் பட்டியலில் ஒரு சொல்லாக எழுத வேண்டும்.